மரபணுவின் பாடபேதங்கள்

மனித உடலில் ஈரல் உயிரணுவும் மூளையின் நரம்பணுவும் ஒரே டி.என்.ஏ. தொகுப்பைத்தான் வைத்திருக்கின்றன. அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அந்த மரபணுக்களிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. படிகளோ இலட்சக்கணக்கான வகைகளாகப் பெருகி நிற்கின்றன. ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய சுவடிகளில் பாடபேதம் காணப்படுவதுபோல, ஒரு மரபணுவின் படிகளிலும் பேதம் உண்டு. சுவடியில் அது பெரும்பாலும் ஏடெழுதியவரின் கைப்பிழையால் நேர்வது. உயிரணுவிலோ பேதத்தை உண்டாக்கவல்ல இயந்திரங்களே இருக்கின்றன. இது தெரியவந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் உயிரியலாளர் கையில் இருந்த கணக்கு மிக எளியது. அந்த எளிமையே நெடுங்காலம் கண்ணை மறைத்தது.

கணக்கின் தொடக்கம் 1941. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் ரொட்டியில் வளரும் ஒரு பூஞ்சையின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினர். ஒரு மரபணு கெட்டால் பூஞ்சையின் வேதிவேலைகளில் ஒன்று நின்றுபோனது. ‘ஒரு மரபணு, ஒரு நொதி’ என்ற வாய்பாடு இந்தச் சோதனைகளிலிருந்து உருவானது. 1961இல் தூது ஆர்.என்.ஏ. அடையாளம் காணப்பட்டது: டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதைப் படியெடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுசெல்லும், குறுகிய ஆயுள் கொண்ட மூலக்கூறு. 1964இல் சார்லஸ் யானோஃப்ஸ்கி, குடல் பாக்டீரியாவின் ஒரு மரபணுவில் பிறழ்வுகள் அமைந்த வரிசையும், அதன் புரதத்தில் அமினோ அமிலங்கள் மாறிய வரிசையும் ஒன்றே என்று காட்டினார். மூலத்தில் இருப்பது வரி பிசகாமல் படியில் வரும், படியில் இருப்பது அப்படியே புரதமாகும். பாக்டீரியாவில் இது சரியாகவே இருந்தது. பாக்டீரியாவுக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை.

மனித உயிரணுக்களில் கணக்கு உதைத்தது. 1960களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டார்னெல், கிளாவுஸ் ஷெரர் முதலியோர் ஆய்வகத்தில் வளரும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் உயிரணுக்களை எடுத்து, புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ.வுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்தனர். உட்கருவுக்குள் மிக நீளமான ஆர்.என்.ஏ. இழைகள் ஏராளமாகத் தோன்றின. சைட்டோபிளாசத்துக்கு வந்துசேர்ந்த தூது ஆர்.என்.ஏ.க்களோ அவற்றைவிடப் பன்மடங்கு குட்டையானவை. உட்கருவில் பிறந்ததில் பெரும்பகுதி வெளியே வராமல் அங்கேயே அழிந்தது. இவ்வளவு செலவு செய்து எழுதி, எழுதிய கையோடு உயிரணு ஏன் கிழித்துப் போடுகிறது என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. நீள இழையின் ஒரு நுனியிலிருந்து வெட்டித்தான் குட்டை இழை கிடைக்கிறது என்பது பொதுவான ஊகமாக இருந்தது.

அந்த ஊகத்தை இரண்டு கண்டுபிடிப்புகள் சிக்கலாக்கின. 1971இல், தூது ஆர்.என்.ஏ.வின் கடைசி முனையில் ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் ஏறத்தாழ இருநூறு முறை தொடரும் வால் ஒன்று இருப்பது தெரிந்தது. 1975 வாக்கில் அதன் முதல் முனையில் மெத்தில் ஏற்றிய குவானோசினால் ஆன தொப்பி ஒன்று இருப்பது தெளிவாயிற்று. ஆரன் ஷாட்கினின் ஆய்வுக்கூடத்தில் யசுஹிரோ ஃபுருயிச்சியோடு சேர்ந்து இந்தத் தொப்பியை ஆராய்ந்தவர்களுள் எஸ். முத்துகிருஷ்ணனும் ஒருவர், புரதம் செய்யத் தொப்பி தேவை என்று நிறுவிய 1975ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே. உட்கருவின் நீள இழைகளுக்கும் இதே தொப்பியும் வாலும் இருந்தன. வெளியே வந்த குட்டை இழைகளுக்கும் இரண்டும் இருந்தன. இரண்டு முனையும் அப்படியே இருக்க, இழை மட்டும் எப்படிச் சுருங்கும்? நடுவில் வெட்டி ஒட்டினால் முடியும். இன்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். 1975இல் அப்படி நினைக்கத் துணிந்தோர் அரிது, மரபணு என்பது இடையறாத ஒரே வாக்கியம் என்பது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

விடை ஒரு சளிக்காய்ச்சல் வைரஸிலிருந்து வந்தது. அடினோவைரஸ் 1953இல் குழந்தைகளின் அடினாய்டு திசுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் டி.என்.ஏ. நீளம் சுமார் 36,000 இணைகள்தான். ஆகவே மனித மரபணுத் தொகுதியில் செய்ய முடியாத சோதனைகளை அதில் செய்ய முடிந்தது. மனித உயிரணுவுக்குள் புகுந்த பின் அந்த உயிரணுவின் கருவிகளைக் கொண்டே அது தன் படிகளை எடுத்துக்கொள்வதால், வைரஸைப் பார்ப்பது உயிரணுவின் வழக்கத்தைப் பார்ப்பதும் ஆகும். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் வடகரையில், ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் புறப்பட்ட கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற சிற்றூரின் ஆய்வகத்தில், 1968இல் இயக்குநரான ஜேம்ஸ் வாட்சன் இத்தகைய வைரஸ்களின் ஆய்வை முதன்மைப்படுத்தினார். அங்கே சில ஆண்டுகள் பணியாற்றிய பிலிப் ஷார்ப் 1974இல் எம்.ஐ.டி.க்குப் போனபோது அடினோவைரஸ் ஆய்வும் அவரோடு போயிற்று. இரண்டு இடங்களிலும் ஒரே புதிர், ஏறத்தாழ ஒரே சமயத்தில் அவிழ்ந்தது.

கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் ரிச்சர்ட் ஜெலினாஸும் தேடியது வேறொன்றை. தொற்றின் பிற்கட்டத்தில் தோன்றும் வைரஸ் தூது ஆர்.என்.ஏ.க்கள் ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகின்றன என்று கண்டால், படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறிகளைக் கண்டுவிடலாம் என்று எண்ணினர். வெவ்வேறு மரபணுக்களின் படிகள் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்க வேண்டும். எல்லாமே ஒரே பதினோரு எழுத்துகளில் தொடங்கின. இத்தனை நூல்களுக்கும் ஒரே காப்புச் செய்யுள் எப்படி வந்தது என்ற கேள்வியை லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர் இணையர் மின்னணு நுண்ணோக்கிக்கு எடுத்துச் சென்றனர். ஆர்.என்.ஏ.வை அதன் மூலமான டி.என்.ஏ.வோடு சேர்த்துவிட்டால், பொருந்தும் இடங்களில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாத பகுதி கண்ணிபோல வளைந்து வெளியே தள்ளி நிற்கும். படத்தில் தூது ஆர்.என்.ஏ.வின் உடல் பகுதி வைரஸ் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் ஒட்டியது. அதன் தலைப்பகுதியோ மிகத் தொலைவில், ஒன்றுக்கொன்று விலகிய மூன்று இடங்களில் துண்டு துண்டாக ஒட்டியது.

எம்.ஐ.டி.யில் சூசன் பெர்ஜெட்டும் கிளேர் மூரும் எடுத்த படங்களில், ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனை எதிலும் ஒட்டாமல் பிரிந்த நூல் போல நீட்டிக்கொண்டிருந்தது. சோதனைக் கோளாறு என்று தள்ளிவிட எளிதாகக் காரணம் சொல்லியிருக்கலாம். அவர்கள் நீட்டிய முனைக்கு இடம் தேடினர். வைரஸ் டி.என்.ஏ.வின் தொலைவான பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒட்டாத முனை ஒட்டியது, இடையில் மூன்று கண்ணிகள் எழும்பின. கண்ணிகளாக வெளியே நின்ற டி.என்.ஏ.வுக்கு முதிர்ந்த தூது ஆர்.என்.ஏ.வில் இடமே இல்லை. உயிரணு நீண்ட முதற்படி ஒன்றை எடுத்து, இடையிலுள்ளவற்றை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டுகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் நிற்கவில்லை. உட்கருவில் அழிந்துபோன இழைகளின் கணக்கும் இதோடு நேரானது.

1977 ஜூனில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரின் ஆண்டுக் கருத்தரங்கில் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஆகஸ்டில் எம்.ஐ.டி. கட்டுரையும், செப்டம்பரில் சௌ, ஜெலினாஸ், புரோக்கர், ராபர்ட்ஸ் ஆகியோரின் கட்டுரையும் அச்சாயின. பின்னதன் தலைப்பிலேயே ‘வியக்கத்தக்க’ என்ற சொல் இருந்தது. அறிவியல் இதழ்கள் எளிதில் அனுமதிக்காத சொல் அது. இந்த வேலைக்கு ‘ஸ்ப்ளைசிங்’ என்ற பெயர் நிலைத்தது. கப்பல் கயிறுகளின் புரிகளைப் பிரித்து ஒன்றோடொன்று பின்னி இணைப்பதற்கு மாலுமிகள் வழங்கிய சொல், பழைய திமிங்கிலத் துறை ஒன்றிலிருந்து உயிரியலுக்குள் பரவியது பொருத்தம்தான். 1993இல் நோபல் பரிசு ராபர்ட்ஸுக்கும் ஷார்ப்புக்கும் வழங்கப்பட்டது. கண்ணிகளை முதலில் கண்ணால் கண்ட சௌவும் பெர்ஜெட்டும் பட்டியலில் இல்லை. சௌ விடுபட்டது குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

வைரஸின் விசித்திரம் என்று ஒதுக்கிவைக்க நேரமில்லாதபடி, 1977இலும் அடுத்த ஆண்டிலும் முயலின் குளோபின் மரபணு, கோழியின் முட்டைவெண்கருப் புரத மரபணு, எலியின் எதிர்ப்பொருள் மரபணு ஆகியவற்றிலும் இடைவெட்டுகள் தெரியவந்தன. 1978 பிப்ரவரியில் வால்டர் கில்பர்ட் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஒருபக்கக் குறிப்பில், தங்கும் துண்டுகளை எக்ஸான் என்றும் வெட்டப்படுபவற்றை இன்ட்ரான் என்றும் பெயரிட்டார். துண்டுகளாக இருப்பதன் பயன் என்ன என்ற கேள்விக்கு அவரே ஒரு விடையும் வைத்தார்: ஒரே முதற்படியை வெவ்வேறு விதமாக ஒட்டினால் வெவ்வேறு புரதம் கிடைக்கும். மனித மரபணுக்களில் இந்த வெட்டின் அளவு மலைக்கவைப்பது. தசைப் புரதமான டிஸ்ட்ரோஃபினின் மரபணு 20 இலட்சம் எழுத்துகளுக்கு மேல் நீண்டது, அதை ஒரு முறை படியெடுத்து முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. 79 எக்ஸான்களும் ஒட்டப்பட்ட பின் கையில் நிற்பது சுமார் 14,000 எழுத்துகள்.

வெட்டும் கத்தி எது என்பதற்குத் தடயம் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிடைத்தது. லூப்பஸ் நோயில் உடல் தன் உட்பொருள்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் 1979இல், அந்த எதிர்ப்பொருள்களில் சில உட்கருவிலுள்ள சிறிய ஆர்.என்.ஏ.க்களைச் சுமக்கும் புரதங்களைப் பிடிப்பதைக் கண்டனர். அவற்றில் யூ1 என்பதன் எழுத்துகள், இன்ட்ரானின் தொடக்க எல்லை எழுத்துகளோடு இணைசேரக்கூடியவை. எல்லைக்கல்லை அடையாளம் காண்பது புரதமல்ல, மற்றோர் ஆர்.என்.ஏ. என்ற கருத்து 1980இல் வெளியானது. 1984இல், வெட்டப்பட்ட இன்ட்ரான் நேர்க்கோடாக அல்லாமல் சுருக்குக்கயிறு போல வளைந்து விழுவது தெரியவந்தது. ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் ஒவ்வொரு இன்ட்ரானிலும் கூடி, வெட்டி, கலைந்துபோகும் இந்த இயந்திரத்துக்கு ஸ்ப்ளைசியோசோம் என்று பெயர்.

கில்பர்ட்டின் ஊகம் இரண்டே ஆண்டுகளில் மெய்யானது. எதிர்ப்பொருள் செய்யும் பி உயிரணு, தொடக்கத்தில் தன் எதிர்ப்பொருளைத் தன் மேற்சவ்விலேயே பதித்துவைத்திருக்கும். தொற்றுக்குப் பின் அதையே இரத்தத்தில் கொட்டும். பதிப்பதற்கு ஒரு மரபணு, கொட்டுவதற்கு ஒரு மரபணு இல்லை என்பதை 1980இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டின. மரபணு ஒன்றே, படியின் கடைசித் துண்டுகள் மட்டும் வேறு. 1982இல் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் ரொனால்டு எவன்ஸும் சூசன் அமராவும் மற்றவர்களும் சேர்ந்து இன்னும் தெளிவான ஒன்றைக் கண்டனர். தைராய்டில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கால்சிடோனின் ஹார்மோனைத் தரும் மரபணு, நரம்பணுவில் வேறு எக்ஸானோடு ஒட்டப்பட்டு முற்றிலும் வேறான ஒரு சிறுபுரதத்தைத் தருகிறது. இரத்தக்குழாய்களை விரியச்செய்யும் அந்தச் சிறுபுரதம் ஒற்றைத்தலைவலிக்குக் காரணங்களுள் ஒன்று என்பது பின்னர் தெளிந்தது; அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் 2018 முதல் விற்பனைக்கு வந்துள்ளன. தலைவலி மாத்திரைக்கே பயன்படாத எலிச் சோதனை என்று 1982இல் எவரேனும் சொல்லியிருந்தால் மறுக்க வழியிருந்திராது.

வெட்டி ஒட்டுவதோடு நிற்காமல், எழுதிய எழுத்தையே திருத்தும் வழக்கமும் உயிரணுவில் இருந்தது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அபோலிப்போபுரதம் பி, ஈரலில் 4,536 அமினோ அமிலங்கள் கொண்டதாகவும் சிறுகுடலில் 2,152 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுவதாகவும் இருந்தது. டி.என்.ஏ.வில் வேறுபாடு இல்லை, ஒட்டுதலிலும் இல்லை. 1987இல் காரணம் புலப்பட்டது. குடலில் ஒரு நொதி, ஆர்.என்.ஏ.வில் உள்ள ஒரேயொரு ‘சி’யை ‘யூ’வாக மாற்றுகிறது. குளூட்டமினுக்கான குறி அந்த ஓர் எழுத்தால் முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. ‘ஏ’யை ஐனோசினாக மாற்றும் மற்றொரு நொதி தவளை முட்டைகளில் முதலில் பிடிபட்டது. மனிதரில் அது திருத்தும் இடங்கள் மிகமிக அதிகம். பெரும்பாலானவை மரபணுத்தொகுதியில் பத்து இலட்சத்துக்கு மேல் சிதறிக்கிடக்கும் அலு என்ற திரும்பத்திரும்ப வரும் தொடர்களில் உள்ளன.

படியை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதிலும் உயிரணுவுக்குத் தெரிவு உண்டு. மனித மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கப்புள்ளி உடையவை. வால் சேரும் இடமும் பெரும்பாலான மரபணுக்களில் ஒன்றுக்கு மேல். வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் முன்கூட்டியே படியை முடித்துக்கொள்வதாகவும், அதனால் கட்டுப்பாட்டுக் குறிகள் பலவற்றை இழந்துவிடுவதாகவும் 2008இல் எம்.ஐ.டி.யிலிருந்து வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கட்டுரையிலும் ஷார்ப்பின் பெயர் உண்டு. ஒட்டுதல் பெரும்பாலும் படியெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நடக்கிறது என்பதால், எழுதும் வேகமும் முடிவைப் பாதிக்கிறது. படியெடுக்கும் நொதி மெதுவாக நகர்ந்தால் பலவீனமான எல்லைக்குறி கொண்ட எக்ஸானுக்கும் இயந்திரம் கூட நேரம் கிடைக்கிறது என்பதை புவெனஸ் அயர்ஸில் ஆல்பெர்ட்டோ கோர்ன்பிலிட் குழு ஃபைப்ரோநெக்டின் மரபணுவை வைத்துக் காட்டியது.

இத்தனையும் தெரிந்த பின்னும் இவை சில மரபணுக்களின் தனிச்சிறப்பு என்ற எண்ணமே நெடுநாள் மேலோங்கியிருந்தது. அதைக் கலைத்தது ஓர் எண்ணிக்கை. மனிதருக்கு ஓர் இலட்சம் மரபணுக்கள் இருக்கும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2000இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் மரபணுத்தொகுதி ஆய்வாளர்கள் கூடியபோது யூவன் பர்னி ஒரு பந்தயம் தொடங்கினார்: சரியான எண்ணிக்கையைச் சொல்வோருக்குப் பணம். 2003இல் முடிவு அறிவிக்கப்பட்டபோது, வந்த எண்களிலேயே மிகக் குறைவான 25,947 என்று கட்டியிருந்த லீ ரோவன் வென்றார். அதுவும் இன்றைய கணக்கைவிட அதிகம். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவுக்கும் சுமார் 20,000 மரபணுக்கள்தான் என்பது பலருக்கு அவமானமாகவே பட்டது. மரபணுக்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவற்றின் படிகளை எண்ணத் தொடங்கினர்.

எண்ணும் கருவி 2008இல் வந்தது. உயிரணுவிலுள்ள ஆர்.என்.ஏ.க்களைச் சிறுதுண்டுகளாக்கி இலட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் வாசிக்கும் முறை அது. எம்.ஐ.டி.யில் கிறிஸ்டோபர் பர்ஜ் குழுவும் டொரண்டோவில் பெஞ்சமின் பிளென்கோவ் குழுவும் தனித்தனியே மனிதத் திசுக்களை வாசித்தன. பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக ஒட்டப்படுகின்றன என்று இரண்டும் கண்டன. விதிவிலக்கு என்று கருதப்பட்டதே விதியாயிற்று.

பாடபேதம் தவறான இடத்தில் நேர்ந்தால் நோயாகிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் பிறழ்வுகளில் மிகப் பரவலானது, இலங்கையிலும் முன்னிலையில் இருப்பது, குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்தில் ‘ஜி’க்குப் பதில் ‘சி’ வருவது. புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. யூ1 அடையாளம் காணும் எல்லைக்குறி மங்கிவிடுவதால் இயந்திரம் அருகிலுள்ள தவறான இடங்களில் வெட்டுகிறது. அதன் விளைவாகக் குழந்தைகள் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள நேர்கிறது. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் கதை வேறு வகையானது. எஸ்.எம்.என்.1 என்ற மரபணு கெட்டுப்போன குழந்தைகளிடம் ஏறக்குறைய அதே போன்ற எஸ்.எம்.என்.2 இருக்கிறது; ஆனால் அதில் ஓர் எழுத்து வேறுபடுவதால் ஏழாவது எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. 1984இல் சுருக்குக்கயிற்றைக் கண்டவர்களுள் ஒருவரான ஏட்ரியன் கிரெய்னர், பின்னர் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஐயோனிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, எக்ஸானைத் தள்ளச் சொல்லும் குறியை மறைக்கும் செயற்கைத் துண்டு ஒன்றை உருவாக்கினார். நூசினெர்சன் என்ற அந்த மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்படும் அது மரபணுவைத் தொடுவதில்லை, படியை மட்டும் சரியாக ஒட்டவைக்கிறது.

இவ்வளவு படிகளும் பயனுள்ளவைதானா என்பதில் ஆய்வாளர்கள் இரு கட்சி. மாட்ரிடில் மைக்கேல் டிரெஸ் போன்றோர் உயிரணுக்களின் புரதங்களை நேரடியாக அளந்து, பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரு முதன்மைப் புரதமே தென்படுகிறது, மற்ற படிகளில் பல வெறும் இரைச்சல் என்று வாதிடுகின்றனர். புரத அளவீடு அரிதானவற்றைத் தவறவிடும் என்பது பிளென்கோவ் தரப்பின் பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிழையாக ஒட்டப்பட்ட படிகளைக் கண்டறிந்து அழிக்கும் காவல்முறை உயிரணுவில் இருப்பதே பிழைகள் ஏராளம் என்பதற்குச் சான்று. எதிர்ப்பொருளும் கால்சிடோனினும் காட்டுவது பிழையல்ல. ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்காமல் முனை முதல் முனை வரை வாசிக்கும் முறைகள் வந்த பின் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. புரதம் செய்யாத நீண்ட ஆர்.என்.ஏ.க்களையும் சேர்த்தால், ஜென்கோட் பட்டியலில் உள்ள மனிதப் படிகள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியவை.

மருத்துவமனையின் தேவை இதற்கு நேர்மாறானது. ஒரு நோயாளியின் பிறழ்வு எந்த எழுத்தில் உள்ளது என்று எழுத வேண்டுமானால், எந்தப் படியை வைத்து எண்ணுவது என்பது முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு படிகளை வைத்து எண்ணினால் ஒரே பிறழ்வுக்கு இரண்டு பெயர் வந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித்தனியே வளர்ந்த இரண்டு பெரும் பட்டியல்கள் இதற்காகக் கூடி, மரபணு ஒன்றுக்கு ஒரு படி என்று தேர்ந்து ‘மேன்’ என்ற தொகுப்பை உருவாக்கின. அதன் விவரம் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. சில மரபணுக்களில் நோய்க்குக் காரணமான பிறழ்வுகள், தேர்ந்தெடுத்த படியில் இடம்பெறாத எக்ஸான்களில் இருந்தன. அவற்றுக்கு மட்டும் இரண்டாவது படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஒப்பினர்.